தோல் வியாதிக்கு வீடியோ கால் டாக்டர்: எது முடியும், எது முடியாது

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் சந்திப்பில் பேசியது. வர முடியாத சிலர் கேட்டதால் இந்தக் காலாண்டு இதழுக்காக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, எழுத்தராகவே ரிட்டயர் ஆனவன். ராஜபாளையத்தில் வீடு, ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை என்று பல வருஷம் அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரை பஸ்ஸிலேயே ஓட்டியவன். அப்படியிருக்க தோல் வைத்தியம் பற்றி எனக்கு என்ன பேச்சு என்று கேட்பீர்கள். நான் பேசப் போவது வைத்தியம் அல்ல. டாக்டரைப் போனில் பார்க்கும்போது நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான். அதில் நானே இரண்டு தப்பு செய்திருக்கிறேன். ஒன்று என் உடம்புக்குச் செய்தது. இன்னொன்று அடுத்தவருக்குச் செய்தது. இரண்டையும் சொல்கிறேன்.

முதல் தப்பு. எனக்குத் தொடை இடுக்கில் படர்தாமரை வந்தது. இந்த வயதில் வெளியே சொல்லக் கூச்சம். மருந்துக் கடையில் போய் மெதுவாக "அரிப்புக்கு ஏதாவது களிம்பு கொடுங்க" என்றேன். ஒரு ட்யூப் கொடுத்தார்கள். தடவிய இரண்டாம் நாளே அரிப்பு நின்றது. ஆகா, நல்ல மருந்து என்று நினைத்தேன். நிறுத்தினால் பத்து நாளில் திரும்ப வரும். திரும்ப ஒரு ட்யூப். இப்படி எட்டு மாதம் போனது. கடைசியில் இடுப்பு வரை பரவி, ராத்திரி தூக்கம் போய்விட்டது. வீட்டில் அவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. அப்போதும் நான் டாக்டரிடம் போகவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் விஷயம் தெரிந்து, "அப்பா, நேர்ல போகக் கூச்சமா இருந்தா போன்லயாவது பாருங்க" என்று திட்டி, தோல் டாக்டர் ஒருவரிடம் வீடியோ கால் ஏற்பாடு செய்தாள்.

அந்த டாக்டரம்மா என் தோலைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டது, "ஐயா, நீங்க தடவின ட்யூபைக் கேமராகிட்ட காட்டுங்க" என்பதுதான். காட்டினேன். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றையும் ஒரே ட்யூபில் கலந்து விற்கிறார்கள். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிவிடும். ஆனால் பூஞ்சையைக் கொல்லாது. தோலின் எதிர்ப்பைக் குறைத்துப் பூஞ்சை உள்ளே நன்றாக வளர இடம் கொடுக்கும். படர்தாமரைக்கு அடையாளமே அந்த வட்டமான சிவந்த ஓரம்தான். அதையே இந்தக் களிம்பு அழித்துவிடும். பிறகு டாக்டருக்கே கண்டுபிடிப்பது சிரமம். பல மாதம் தடவினால் தோல் மெலிந்து, வரி வரியாகத் தழும்பும் விழும்.

இது என் ஒருவன் கதை இல்லை. நாடு முழுவதும் படர்தாமரை லேசில் ஆறாத வியாதியாகிவிட்டது என்று தோல் டாக்டர்கள் பல வருஷமாகச் சொல்கிறார்கள். அதில் இந்தக் களிம்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது அவர்கள் கருத்து. 2018-இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. மருந்துக்கு எளிதில் அடங்காத ஒரு பூஞ்சை வகைக்கு 2020-இல் ஜப்பான் ஆய்வாளர்கள் வைத்த பெயரே 'ட்ரைக்கோபைட்டான் இண்டோடினியே'. இந்தியாவின் பெயர் உலகத்தில் எதில் எல்லாம் ஏறுகிறது பாருங்கள். உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் களிம்பு ட்யூபை இன்று ராத்திரி எடுத்துப் பாருங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது போட்டிருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால், அவர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரை மட்டும் போடுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கடன் கொடுக்காதீர்கள்.

எனக்குக் குணமாக இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. வீட்டில் இருவருமே ஒரே நேரத்தில் மருந்து எடுத்தோம். துண்டு, உள்ளாடை தனித்தனி. துணியைச் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் காயப்போடச் சொன்னார்கள். பால்கனியில் வெயில் வராத வீட்டுக்காரர்கள் மொட்டைமாடிக் கொடியைப் பயன்படுத்துங்கள், அதற்காகத்தான் சங்கம் கட்டி வைத்திருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போனில் வைத்தியம் பார்ப்பதற்குச் சட்டப்படி இடம் உண்டா என்று சிலருக்குச் சந்தேகம். உண்டு. 2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கு தொடங்கிய நேரத்தில், இந்திய மருத்துவக் கவுன்சிலின் இடத்தில் அப்போது இருந்த ஆளுநர் குழு, நிதி ஆயோக்குடன் சேர்ந்து தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதில் நமக்குத் தேவையான சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

டாக்டருக்கு நாம் யார் என்று தெரிய வேண்டும், நமக்கும் டாக்டர் யார் என்று தெரிய வேண்டும். பெயர் தெரியாத ஆலோசனைக்கு இடமில்லை. மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். கவுன்ட்டரில் செக்கை வாங்கியதும் நாங்கள் கையெழுத்தைப் பார்ப்பது போல, சீட்டு வந்ததும் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

சில தோல் களிம்புகளையும் லோஷன்களையும் முதல் தடவை எழுதுவதானால் டாக்டர் வீடியோவில் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். க்ளோட்ரிமசோல், முபிரோசின், காலமைன் எல்லாம் அந்தப் பட்டியலில் உதாரணமாகவே வருகின்றன. ஆகவே முதல் தடவையே "வீடியோ வேண்டாம், மெசேஜ் போடுங்க, மருந்து அனுப்பறேன்" என்று யாராவது சொன்னால் யோசியுங்கள்.

கம்ப்யூட்டர் புரோகிராம், அதாவது செயற்கை நுண்ணறிவு, நேரடியாக நோயாளிக்கு மருந்து எழுத இந்த நெறிகளில் அனுமதி இல்லை. டாக்டருக்கு உதவியாக மட்டும் இருக்கலாம். போனில் ஒரு ஆப் உங்கள் போட்டோவைப் பார்த்து வியாதிப் பெயர் சொன்னால் அதைச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நேரில் வருகிறேன் என்று நோயாளி சொல்லும்போது, இல்லை போனில்தான் பார்ப்பேன் என்று டாக்டர் வற்புறுத்தக் கூடாது. நேரில் பார்த்தால்தான் முடியும் என்று டாக்டருக்குத் தோன்றினால் அவர் அப்படிச் சொல்லலாம். அப்படிச் சொல்லும் டாக்டரைக் குறை சொல்லாதீர்கள், அவர்தான் நல்ல டாக்டர். நோயாளியின் படங்களையும் விவரங்களையும் டாக்டர் தவறாகப் பயன்படுத்தினால் அது தொழில் ஒழுக்கக் குற்றம். இந்தக் கடைசி விஷயத்துக்குப் பிறகு திரும்ப வருவேன்.

அரசாங்கத்தின் இலவச வழி இ-சஞ்சீவனி. மொஹாலியில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. வீட்டிலிருந்தபடி டாக்டரைப் பார்க்கும் ஓபிடி சேவை 2020 ஏப்ரல் 13-இல் தொடங்கியது. மொபைல் எண் கொடுத்தால் ஓடிபி வரும், மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் டோக்கன் வரும், முறை வந்ததும் வீடியோ தொடங்கும், முடிந்ததும் சீட்டைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் முதலில் பொது மருத்துவர் பார்ப்பார். தோல் டாக்டர் அந்த நேரத்தில் இருக்கிறாரா என்பதை ஆப்பிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நமக்கு இதில் என்ன லாபம்? மதுரை இங்கிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல். முட்டி வலிக்காரர் பஸ்ஸில் போய் வரிசையில் நின்று திரும்பினால் ஒரு நாள் போய்விடும். ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு, அடுத்தடுத்த தடவை 'ஆறுகிறதா, மருந்தை நிறுத்தலாமா' என்று கேட்பதற்குப் போன் போதும். எனக்கே அப்படித்தான் மூன்று பயணம் மிச்சமானது. நாள்பட்ட கரப்பான், முகப்பரு, பொடுகு, காளாஞ்சகப்படை இதற்கெல்லாம் இந்த முறை நன்றாகவே உதவும்.

ஆனால் டாக்டர் பார்ப்பது நம் தோலை அல்ல, நாம் காட்டும் படத்தை. அதனால் படம் எடுக்கும் முறையைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

பகலில், ஜன்னல் பக்கத்தில், வெளிச்சம் நேராக விழும்படி எடுங்கள். ப்ளாஷ் வேண்டாம், பளபளப்பில் நிறம் மாறிவிடும். கேமரா கண்ணாடியை வேட்டி நுனியால் ஒரு தடவை துடைத்துக்கொள்ளுங்கள். முகத்தை அழகாக்கும் பில்டர் போனில் தானாக ஓடும், அதை அணைத்துவிடுங்கள். டாக்டர் பார்க்க வேண்டிய கரும்புள்ளியையே அது அழித்துவிடும். மஞ்சள், எண்ணெய், பவுடர், விபூதி, களிம்பு எதுவும் அந்த இடத்தில் இருக்கக் கூடாது. மூன்று படம்: தூரத்தில் ஒன்று, உடம்பில் எந்த இடம் என்று தெரிய, கொஞ்சம் நெருங்கி ஒன்று, மிக அருகில் ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்து அளவு தெரியும்படி. ஒரு கையில் வந்திருந்தால் மறு கையையும் எடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

ஒரு தாளில் நான்கு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் தொடங்கியது, இதுவரை தடவியது என்னென்ன, சர்க்கரை பிரஷருக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. நாட்டு மருந்து தடவியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தடவிய எட்டு மாதத்தை இரண்டு வாரம் என்று சொல்லத்தான் எனக்கும் முதலில் வாய் வந்தது.

போனை நம்பி வீட்டில் உட்காரக் கூடாத நேரங்களும் உண்டு. உதடு, முகம் வீங்கி மூச்சுத் திணறினால் உடனே 108. புது மாத்திரை சாப்பிட்ட பிறகு கொப்புளம் வந்து, வாயிலும் கண்ணிலும் புண் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு கால் சிவந்து சூடாகி வலித்தால் அன்றைக்கே நேரில். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் எந்தப் புண் வந்தாலும் நேரில்தான். அந்தப் புண்ணைத் திறந்து பார்க்க வேண்டும், கட்ட வேண்டும். நம் பக்கத்து சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி ஊரெல்லாம் போகிறது, ஆனால் அதைப் போன் வழியாகக் கட்ட முடியாது. மச்சம் பெரிதானாலும், நிறம் மாறினாலும், ரத்தம் கசிந்தாலும் நேரில். உணர்ச்சி இல்லாத படை இருந்தாலும் நேரில்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. இது என் பழைய தொழில் சம்பந்தப்பட்டது. இன்டர்நெட்டில் ஆஸ்பத்திரி பெயரைத் தேடினால் வரும் நம்பர் எல்லாம் ஆஸ்பத்திரி நம்பர் இல்லை. "டோக்கனுக்குப் பத்து ரூபாய் அனுப்புங்க, இந்த லிங்க்கை அமுக்குங்க, இந்த ஆப்பை இறக்குங்க" என்றால் போனை வைத்துவிடுங்கள். டாக்டர் பீஸ் கட்டுவது தப்பில்லை, அதற்கு ரசீது கேளுங்கள். பணம் வாங்குவதற்கு யாருக்கும் உங்கள் பின் எண் தேவையில்லை. இ-சஞ்சீவனிக்குள் நுழைய வரும் ஓடிபியை ஆப்பில் நீங்களே போட வேண்டும், போனில் யாருக்கும் வாசித்துக் காட்டக் கூடாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வழி உண்டு.

இப்போது என் இரண்டாவது தப்பு.

நம் வளாகத்தில் வேலை பார்த்த ஒருவர் உங்களுக்கு நினைவிருக்கும். பெயர் வேண்டாம். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். அவர் முதுகிலும் தோளிலும் வெளிறிய படைகள் இருந்தன. சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்தபோது யாரோ போட்டோ எடுத்து நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். "இது அதுவாக இருக்குமோ?" என்று ஒரு கேள்வி. 'அது' என்றால் என்ன என்று எல்லோருக்கும் புரிந்தது. "குழந்தைகள் இருக்கும் இடம்", "லிப்டைத் தொடுகிறார்" என்று வரிசையாக மெசேஜ். "டெஸ்ட் முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம்" என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியவர்களில் நானும் ஒருவன். என் தொடைப் படையை எட்டு மாதம் யாருக்கும் காட்டாமல் மறைத்தவன், இன்னொருவர் முதுகை நூற்றைம்பது பேர் பார்த்ததற்குக் கட்டைவிரல் காட்டினேன்.

அன்று சாயங்காலமே மனசு கேட்கவில்லை. அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, என் போனில் இ-சஞ்சீவனியில் டாக்டரைப் பிடித்தேன். டாக்டர் படைகளைப் பார்த்தார், கேள்வி கேட்டார். பிறகு, "பார்க்கத் தேமல் மாதிரிதான் இருக்கு. ஆனா உணர்ச்சி இருக்கான்னு தொட்டுப் பார்க்காம நான் முடிவு சொல்லக் கூடாது. நாளைக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். மறுநாள் நானே கூடப் போனேன். கண்ணை மூடச் சொல்லி, படை இருக்கும் இடத்திலும் இல்லாத இடத்திலும் மெல்லத் தொட்டு, தொடுவது தெரிகிறதா என்று கேட்டார்கள். எல்லா இடத்திலும் தெரிந்தது. தேமல்தான். வெயிலிலும் வியர்வையிலும் வேலை செய்பவர்களுக்குச் சாதாரணமாக வருவது. மருந்து கொடுத்து அனுப்பினார்கள்.

குழுவில் அந்த முடிவை எழுதினேன். நான்கு பேர் கைகூப்பினார்கள். ஆனால் அவர் திரும்ப வேலைக்கு வரவில்லை. "மன்னிச்சுக்கிடுங்க சார், எல்லாரும் என் முதுகைப் பார்த்துட்டாங்க, இனிமே அங்க நிக்க முடியாது" என்றார். இப்போது ஒரு மில்லில் இருக்கிறார்.

ஒருவேளை அது தொழுநோயாகவே இருந்திருந்தால்? அப்போதும் நாம் செய்தது தப்புதான். தொழுநோய்க்குக் கூட்டு மருந்து சிகிச்சை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம். மருந்து தொடங்கினால் மற்றவருக்குப் பரவுவது சீக்கிரமே நின்றுவிடுகிறது. லிப்ட் பட்டனைத் தொட்டு வருவதும் இல்லை. நோயாளிகளை அடைத்து வைக்க வெள்ளைக்காரன் 1898-இல் போட்ட சட்டத்தையே 2016-இல் ரத்து செய்துவிட்டார்கள். 2019-இல் விவாகரத்துக் காரணங்களிலிருந்தும் தொழுநோயை நீக்கிவிட்டார்கள். சட்டம் மாறிவிட்டது, நம் குழு மட்டும் மாறவில்லை. பயந்து மறைக்கும் ஒருவர் தாமதமாக வருவார், தாமதமானால் கை கால் விரல் பாதிக்கும். நம்முடைய அந்த ஒரு போட்டோ, வேறு யாரோ ஒருவரைத் தன் படையை மறைக்க வைத்திருக்கும்.

போனில் பார்ப்பதும் நேரில் தொட்டுப் பார்ப்பதும் சேர்ந்தால் நன்றாக நடக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சின்ன ஊர்களில் கண் பரிசோதனை மையங்கள் வைத்திருக்கிறது. அங்கே பயிற்சி பெற்ற பெண்கள் கருவியோடு பக்கத்தில் இருந்து பரிசோதிப்பார்கள், டாக்டர் தூரத்தில் இருந்து வீடியோவில் பார்த்து முடிவு சொல்வார். நோயாளி பக்கத்தில் விவரம் தெரிந்த ஒரு ஆள் இருக்கிறார், அதுதான் முக்கியம். நம் வளாகத்தில் நர்ஸ் கிடையாது. ஆனால் போன் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்று, யாருடைய உடம்புப் படத்தையும், எந்தக் காரணத்துக்காகவும், நம் குழுவில் போடக் கூடாது என்று தீர்மானம் போட வேண்டும். டாக்டருக்கு இருக்கும் ஒழுக்கம் நமக்கும் இருக்கட்டும்.

இரண்டு, சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் படிப்பறையை ஒதுக்க வேண்டும். ஒரு திரை, ஒரு நாற்காலி, வைஃபை போதும். இணைப்பு கொடுத்துவிட்டு உதவிக்கு வந்த பிள்ளை வெளியே வந்துவிட வேண்டும். பெண்களுக்குப் பெண் பிள்ளைகளே உதவட்டும்.

மூன்று, இந்த வசதி நம் வளாகத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் உண்டு என்று தமிழில் எழுதி கேட் பக்கத்தில் ஒட்ட வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தபோது, அந்தத் தம்பியை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தேமல் போய்விட்டது என்று சட்டைக் காலரை இறக்கிக் காட்டினார். சனிக்கிழமை ஏற்பாடு பற்றிச் சொன்னேன். "நல்லது சார், செய்யுங்க" என்றார். திரும்ப வருகிறாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்தத் தீர்மானம் நிறைவேறினால், அடுத்த தடவை பார்க்கும்போது கேட்கலாம் என்று இருக்கிறேன்.